கும்பிடணுமா, பாத்துட்டு வந்தா போதுமா: சர்ச் காலேஜ்ல மதப் பாடமும் அதுக்காகப் போற டூரும்

சில வருஷம் முன்னாடி ஒரு ஜனவரி, பொங்கல் நெருங்குற நேரம். டிராவல்ஸ் வெச்சிருக்குற ஃப்ரெண்ட் ஒருத்தன் போன் பண்ணி "அமெரிக்கால இருந்து காலேஜ் பசங்க வந்திருக்காங்கடா, கைடுக்கு தொண்டை கட்டிருச்சு, ரெண்டு நாள் கூட இருந்து பேசிக் குடுடா"ன்னான், போனேன். மதுரை மீனாட்சி கோயில், இருபது பேர் இருப்பாங்க, பாதிப் பேருக்கு மேல முந்தின நாள் வாங்கின சுடிதார், கஞ்சி கூட போகல. கூட வந்தது ஒரு லேடி ப்ரொஃபசர், ரிலிஜன் டிபார்ட்மென்ட். வெளிய பூக்காரம்மா ஒருத்தங்க ஒரு பொண்ணுக்கு மல்லிப்பூ வெச்சுவிட்டு அப்படியே நெத்தில குங்குமமும் இட்டு விட்டாங்க. அந்தப் பொண்ணு பாஸ்டர் மகளாம். கொஞ்ச தூரம் நடந்துட்டு ப்ரொஃபசர்கிட்ட வந்து ரொம்ப சீரியஸா கேட்டுச்சு, இதை வெச்சுக்கலாமா, வெச்சுக்கிட்டா நான் கும்பிட்டதா ஆகுமா, அழிச்சா அந்தம்மா மனசு கஷ்டப்படுமான்னு. எனக்கு வாய் சும்மா இருக்கல, "அது சும்மா அழகுக்குதாம்மா"ன்னு சொல்லப் போனேன், ப்ரொஃபசர் கையைக் காட்டி நிறுத்திட்டாங்க. அவங்க சொன்னது இவ்வளவுதான்: வெச்சுக்கிறதும் அழிக்கிறதும் உன் இஷ்டம், எதைப் பண்ணாலும் ஏன் பண்ணேன்னு நைட்டு ஜர்னல்ல எழுதிடு.

அன்னிக்கு எனக்கு இது நழுவுற பதிலாத்தான் பட்டுச்சு. அந்தப் பசங்க வந்தது ஒரு சர்ச் காலேஜ்ல இருந்து. அப்புறம் இந்த மாதிரி காலேஜுங்க எப்படி வந்துச்சு, அங்க மதத்தை எப்படி சொல்லித் தர்றாங்கன்னு கொஞ்சம் கொஞ்சமா படிச்சப்பதான் அந்தப் பதிலுக்குப் பின்னாடி நூறு வருஷச் சண்டை ஒண்ணு இருக்குன்னு புரிஞ்சுது. அதைத்தான் எழுதப் போறேன், கொஞ்சம் நீளமாப் போகும்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீத்துக்கலாம். அமெரிக்கால பைபிள் காலேஜ் வேற, சர்ச் சார்ந்த காலேஜ் வேற. முதல் ரகம் பாஸ்டர், மிஷனரி ஆகப் போறவங்களுக்கு. ரெண்டாவது ரகத்துல கெமிஸ்ட்ரி, எகனாமிக்ஸ், மியூசிக் எல்லாம் உண்டு, நம்ம லயோலா, அமெரிக்கன் காலேஜ் மாதிரின்னு வெச்சுக்கங்க, நிர்வாகத்துல மட்டும் ஏதோ ஒரு திருச்சபையோட கை இருக்கும். ஹார்வர்டு 1636, யேல் 1701, இதெல்லாம்கூட போதகர்களை உருவாக்கணும்ங்கற நெனப்புல ஆரம்பிச்சதுதான், பின்னாடி சர்ச் கயிறு தானா தளந்து அவுந்துபோச்சு. ஆனா நெறைய காலேஜ் கயிறை அவுத்ததுக்கு ஒரு வேடிக்கையான காரணம் உண்டு. 1905ல ஆண்ட்ரூ கார்னகி காலேஜ் வாத்தியாருங்க பென்ஷனுக்குன்னு 1 கோடி டாலர் ஒதுக்குனார், கூடவே ஒரு கண்டிஷன், ஒரு குறிப்பிட்ட சபையோட கட்டுப்பாட்டுல இருக்குற காலேஜுக்குக் கெடையாது. அவ்வளவுதான், பல காலேஜ் சாசனத்தை எடுத்து வெச்சு திருத்த ஆரம்பிச்சுட்டாங்க. டார்வினால போகாத சர்ச் தொடர்பு பென்ஷனால போச்சு.

அதுக்கும் மசியாம சபையோடயே நின்ன காலேஜுங்கள்ல ஒண்ணு செயின்ட் ஓலாஃப். மினசோட்டால நார்த்ஃபீல்டுன்னு ஒரு சின்ன ஊரு, 1874ல நார்வேல இருந்து குடியேறுன லூத்தரன் (மார்ட்டின் லூதர் வழி புராட்டஸ்டன்ட் சபை) விவசாயிங்களும் பாஸ்டருங்களும் சேந்து ஆரம்பிச்சது, பேரும் அவங்க ஊரு புனித ராஜா ஓலாஃப் பேருதான். இன்னிக்கு சுமார் 3000 பேர் படிக்கிறாங்க. சேப்பல்ல ஆராதனை நடக்கும், வரணும்னு கட்டாயம் இல்ல. ஆனா ரிலிஜன் பாடம் கட்டாயம், மேத்ஸ் படிக்க வந்தாலும் சரி வயலின் வாசிக்க வந்தாலும் சரி டிகிரிக்குள்ள ரெண்டு கோர்ஸ் முடிச்சாகணும்.

இந்தக் கட்டாய கோர்ஸ்லதான் வாத்தியாருக்கு முதல் அடி விழும். கிளாஸ்ல ஒரு பக்கம் சின்ன வயசுல இருந்து சண்டே ஸ்கூல் போன புள்ள, பைபிள் பாதி மனப்பாடம். பக்கத்து சீட்ல சர்ச் வாசலையே மிதிக்காத பையன். பின்னாடி ஒரு முஸ்லிம் பொண்ணு, மினசோட்டால சோமாலி குடும்பங்க நெறைய. இவங்களுக்கு பைபிளோட முதல் புத்தகம் ஆதியாகமத்தை எடுத்து, இங்க பாருங்க முதல் அதிகாரத்துல ஒரு படைப்புக் கதை, ரெண்டாவது அதிகாரத்துல வரிசையே மாறி இன்னொரு கதை, பைபிள்ல பவுல் பேர்ல இருக்குற எல்லா நிருபத்தையும், அதாவது கடிதத்தையும், பவுலே எழுதலன்னு அறிஞருங்க நெறைய பேர் சொல்றாங்கன்னு ஆரம்பிச்சா, சண்டே ஸ்கூல் புள்ளைக்கு காலடில மண்ணு சரியும், அந்தப் பையனோ இதெல்லாம் எனக்கு எதுக்குன்னு கொட்டாவி விடுவான். வீட்ல இருந்து ரெண்டு தினுசா குறை வரும், எங்க புள்ள விசுவாசத்தைக் கெடுக்குறீங்கன்னு ஒண்ணு, காசு வாங்கிட்டு பிரசங்கம் பண்றீங்களான்னு இன்னொண்ணு. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிதான்.

அப்ப இந்தப் பாடம் நடத்துறவர் யாரு, போதகரா வாத்தியாரா? இந்தத் தொழிலே அந்தக் கேள்வியோடதான் பொறந்துச்சுன்னு சொல்லலாம். 1909ல அமெரிக்கக் காலேஜ் பைபிள் வாத்தியாருங்க ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, பின்னாடி அதோட சுருக்கப் பேரு நாபின்னு ஆச்சு, ஹீப்ரூல நாபின்னா தீர்க்கதரிசி! 1960கள்ல அதே சங்கம் பேரை மாத்தி அமெரிக்கன் அகாடமி ஆஃப் ரிலிஜன்னு ஆயிடுச்சு, தீர்க்கதரிசி போய் அகாடமி வந்துருச்சு. அதே சமயத்துல, 1963ல, அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஷெம்ப் வழக்குல அரசுப் பள்ளிக்கூடத்துல பைபிள் வாசிச்சு ஜெபம் பண்றது செல்லாதுன்னு தீர்ப்பு சொல்லிச்சு, ஆனா அதுலயே மதத்தைப் பத்தி, மத வரலாறைப் பத்தி படிக்கிறதுக்குத் தடை இல்ல, அது படிப்புக்குத் தேவைதான்னும் சொல்லிச்சு. வழிபடுறது ஒண்ணு, வழிபாட்டைப் பத்திப் படிக்கிறது ஒண்ணுன்னு கோடு விழுந்துச்சு. அதுக்கப்புறம் அரசு யுனிவர்சிட்டிங்கள்ல ரிலிஜன் டிபார்ட்மென்ட் மளமளன்னு வந்துச்சு. அவங்களுக்குப் பிரச்சனை இல்ல, கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னுக்கலாம். சர்ச் காலேஜ்காரங்களுக்குத்தான் கோடு வீட்டு நடுவுல போகுது. சேப்பல் ஒரு பக்கம், கிளாஸ்ரூம் இந்தப் பக்கம், ரெண்டும் ஒரே கேம்பஸ், பல சமயம் ஒரே ஆளு.

செயின்ட் ஓலாஃப் இதுல எவ்வளவு தூரம் போச்சுன்னா, 1985ல டிரினிடாட்ல பொறந்த அனந்தானந்த் ரம்பச்சன்ங்கற இந்துவை ரிலிஜன் டிபார்ட்மென்ட்ல சேத்துக்கிட்டாங்க. சங்கரரோட அத்வைதத்துல பெரிய ஆளு, ஒளிச்சு மறைச்சு இல்ல, வெளிப்படையா இந்து. முப்பது வருஷத்துக்கு மேல அங்கயே பாடம் நடத்துனார், டிபார்ட்மென்ட் தலைவராவும் இருந்தார். லூத்தரன் காலேஜ்ல ரிலிஜன் துறைக்கு ஒரு அத்வைதி தலைவர், இதை நம்ம ஊரு சர்ச் காலேஜ்ல நெனச்சுப் பாருங்க, இல்ல நம்ம ஊரு மடத்துக் காலேஜ்ல ஒரு பாதிரியாரை நெனச்சுப் பாருங்க.

நம்ம ஊருல கதை வேற ரூட்ல போச்சு. அரசியல் சட்டம் 28வது பிரிவு, முழுக்க அரசு பணத்துல நடக்குற கல்வி நிலையத்துல மத போதனையே கூடாதுங்குது, அரசு அங்கீகாரமோ உதவியோ வாங்குற இடத்துல யாரையும் சம்மதம் இல்லாம மத போதனைக்கு உக்கார வைக்கக் கூடாதுங்குது. அதனாலதான் நம்ம கிறிஸ்தவ காலேஜ் பலதுல கிறிஸ்டியன் பசங்க ஒரு ரூமுக்கு, மத்தவங்க இன்னொரு ரூமுக்கு. எங்க காலத்துல மணி அடிச்சதும் அவங்க ஸ்கிரிப்சருக்குப் போவாங்க, நாங்க மாரலுக்கு. மாரல்னா அனேகமா அடுத்த பீரியட் ரெக்கார்டு நோட்டு எழுதுற டைம். இதுல யாரும் புண்படல, சண்டை இல்ல, சமாதானமான ஏற்பாடுதான். ஆனா பக்கத்துல உக்காந்திருக்குறவன் எதை நம்புறான்னு மூணு வருஷமும் தெரியாமலே டிகிரி வாங்கிட்டு வந்துட்டோம், அதுதான் எனக்கு ஆதங்கம்.

அதுக்கு முன்னாடி இப்படி இல்ல. சென்னை கிறிஸ்தவக் கல்லூரில பிரின்சிபால் வில்லியம் மில்லர் காலத்துல எல்லாப் பசங்களும் பைபிள் வகுப்புல உக்காரணும். அங்க படிச்ச ஒரு பையன், கிறிஸ்தவ வாத்தியாருங்க இந்து மதத்தை விமர்சனம் பண்றதைக் கேட்டு ரோஷம் வந்து, சரி நம்ம மதத்துல என்னதான் இருக்குன்னு தேட ஆரம்பிச்சு, 1908ல வேதாந்தத்தோட அறநெறி பத்தி எம்.ஏ. ஆய்வுரை எழுதுனான். அவனுக்கு வாத்தியார் ஏ. ஜி. ஹாக், ஸ்காட்லாந்து மிஷனரி. பையன் பேரு ராதாகிருஷ்ணன், பின்னாடி ஜனாதிபதி ஆனவரேதான். ஹாக் அந்த ஆய்வுரையைப் பாராட்டவும் செஞ்சார். மதத்தைக் கட்டாயமா சொல்லித் தர்றதுல என்ன விளையும்னு சொல்லித் தர்றவனுக்கே தெரியாது, அதுக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

சரி, டூருக்கு வருவோம். அமெரிக்கால காலேஜே கிரெடிட் குடுத்து பசங்களை வெளிநாடு கூட்டிட்டுப் போற வழக்கம் 1923ல டெலவேர் யுனிவர்சிட்டில ஆரம்பிச்சதா சொல்வாங்க, 8 பேர், பிரான்சு, ஒரு வருஷம். அது பிரெஞ்சு கத்துக்க. சர்ச் காலேஜுங்க இதுக்குள்ள பெரிசா எறங்குனது 1960கள்ல, அதுக்கு ஒரு காலண்டர் காரணம் இருக்கு. ஃப்ளோரிடால புதுசா வந்த ஒரு பிரெஸ்பிட்டேரியன் சபைக் காலேஜ், இப்ப எக்கர்டுன்னு பேரு, நாலு மாசம் படிப்பு, ஜனவரில ஒரே ஒரு பாடம், திரும்ப நாலு மாசம்னு வருஷத்தைப் பிரிச்சாங்க. செயின்ட் ஓலாஃபும் அந்த முறையை எடுத்துக்கிச்சு. ஜனவரி முழுக்க ஒரே பாடம்னா அந்தப் பாடத்தை மினசோட்டா பனில உக்காந்து படிக்கணுமா, ஜெருசலேம்ல, ரோம்ல, மதுரைல நின்னு படிக்கலாமேன்னு யாருக்குத்தான் தோணாது! அது போக குளோபல் செமஸ்டர்னு ஒண்ணு, ஒரே வாத்தியார் குடும்பத்தோட பசங்களைக் கூட்டிக்கிட்டு நாடு நாடா போறது, அந்த ரூட்ல பல வருஷம் பெங்களூரும் ஒரு ஸ்டாப். நார்த் கரோலினால இருக்குற பிரெஸ்பிட்டேரியன் காலேஜ் டேவிட்சன் நம்ம தாம்பரத்துக்கே வந்தாங்க, கிறிஸ்தவக் கல்லூரியை மையமா வெச்சு ஒரு இந்தியா செமஸ்டர். ரெண்டு கல்லூரிக்கும் ஆரம்ப வருஷம் 1837ங்கறது சும்மா ஒரு தற்செயல்.

இண்டியானால கோஷன்னு ஒரு மெனோனைட் காலேஜ் இருக்கு, அவங்க பண்ணது வேற மாதிரி. மெனோனைட்டுங்க போருக்குப் போக மாட்டேன்னு நிக்கிற சபை, பட்டாளத்துக்குப் பதிலா ஆஸ்பத்திரி வேலை, காட்டு வேலைன்னு மாற்றுச் சேவை செஞ்சு பழகினவங்க. அதனால 1968ல டூர் ஆரம்பிச்சப்ப அதுலயும் சேவையைக் கோத்துட்டாங்க. பாதி நாள் தலைநகர்ல பாஷையும் வரலாறும், மீதி நாள் ஒரு கிராமத்துல யாரோ ஒரு குடும்பத்தோட தங்கி பள்ளிக்கூடத்துலயோ கிளினிக்லயோ வேலை. கோஸ்டாரிகா, ஜமைக்கான்னு ஆரம்பிச்சு 1980ல சீனா வரைக்கும் போயிட்டாங்க. அவங்க போக்குல புனிதத் தலம் தேடிப் போறது இல்ல, இன்னொருத்தர் வீட்டு அடுப்படிதான் கிளாஸ்ரூம். என்னைக் கேட்டா, மதத்தைப் பத்தித் தெரிஞ்சுக்க கோபுரத்தை விட அடுப்படி நல்ல இடம், விரதம், தீட்டு, நேந்துக்கறது, யாருக்கு முதல்ல சோறு போடறது, எல்லாம் அங்கதான இருக்கு.

இதுல கூட்டிட்டுப் போற ப்ரொஃபசர் நெலமையை யாரும் பேசறதில்ல. வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு ஓசில ஊர் சுத்துறாங்கன்னு தோணும். நான் ரெண்டே நாள் கூட இருந்தேன், கண்ணு பிதுங்கிருச்சு. ஒரு வருஷத்துக்கு மேல முன்னாடியே திட்டம் எழுதிக் குடுத்து கமிட்டி ஒத்துக்கணும், ஆள் சேரலன்னா கேன்சல். பாஸ்போர்ட் காப்பி, இன்சூரன்ஸ், யாருக்கு வேர்க்கடலை ஆகாது, யாரு மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடறாங்க, எல்லாம் ஒரு ஃபைல்ல, அந்த ஃபைல் எப்பவும் தோள்லயே. ரசீது குடுக்காத ஆட்டோக்காரருக்கும் காலேஜ் அக்கவுன்ட்ஸ்ல கணக்கு காட்டணும். அன்னிக்கு நைட்டு ரெண்டு பசங்களுக்கு வயிறு போச்சு, ஒரு பொண்ணு ரூம்மேட்டோட சண்டை போட்டு அழுதுச்சு, அந்தம்மா பதினொன்றரை மணிக்கு ஓஆர்எஸ் பாக்கெட்டைக் கிழிச்சு பாட்டில்ல கலக்கிக்கிட்டே மறுநாள் சைவ சித்தாந்தம் பத்தி நடத்த நோட்ஸ் பாத்துக்கிட்டிருந்தாங்க. மேல இருந்து வர்ற இடியும் இருக்கு. 2018ல இருந்து அமெரிக்க அரசு ஒவ்வொரு நாட்டுக்கும் 1ல இருந்து 4 வரை ஆபத்து நம்பர் போடுது, நம்பர் ஏறுனா டூர் காலி. 2020 மார்ச்சுல உலகம் முழுக்க இருந்த பசங்களை அப்படி அப்படியே திருப்பிக் கூப்பிட்டாங்க. 2023 அக்டோபருக்கு அப்புறம் இஸ்ரேல், பாலஸ்தீனப் பக்கம் போற டூரெல்லாம் நின்னுது, பல ரிலிஜன் வாத்தியாருங்களுக்கு அதுதான் மெயின் பாடமே.

ஜெருசலேமைச் சொல்லாம இதைப் பேச முடியாது. பசங்க மனசுல இருக்குறது படத்துல பாத்த அமைதியான ஊரு. திருக்கல்லறைக் கோயிலுக்குப் போனா ஒரே கட்டடத்தை ஆறு சபை பங்கு போட்டு வெச்சிருக்கு, கிரேக்கர், கத்தோலிக்கர், அர்மீனியர், காப்டிக், சிரியர், எத்தியோப்பியர், இதுல எத்தியோப்பிய துறவிங்க இருக்குறது மொட்டை மாடில. யாரு எந்தத் தூணைத் தொடைக்கிறதுங்கறதுக்கே தகராறு வரும். வாசல் மேல ஜன்னலுக்குக் கீழ ஒரு மர ஏணி, பல தலைமுறையா அதே எடத்துலதான் இருக்கு, நகத்துனா அது யாரு உரிமைன்னு சண்டை வரும்ல. கோயில் சாவி ரெண்டு முஸ்லிம் குடும்பத்துக்கிட்ட, வழிவழியா. எல்லாரும் ஒரே சரீரத்தின் அவயவங்கள்னு கிளாஸ்ல வாசிச்ச புள்ள அந்த ஏணியைப் பாத்துக்கிட்டு நிக்கும். அங்க இருந்து பெத்லகேம் போக சுவரையும் செக்போஸ்ட்டையும் தாண்டணும், அமெரிக்க பாஸ்போர்ட்டுக்கு ஈஸி, கூட வந்த பாலஸ்தீன கைடுக்கு இல்ல. அதைக் கண்ணால பாத்த பசங்ககிட்ட அன்னிக்கு நைட்டு இயேசு பெத்லகேம்ல பொறந்ததைச் சொல்ற மத்தேயு ரெண்டாம் அதிகாரத்தை நடத்தணும்.

இங்கதான் கோடு அழிஞ்சுபோகுது. கிளாஸ்ரூம்ல மதத்தைப் பத்தின்னு ஒரு அடி தள்ளி நின்னு பேசலாம், பயணத்துல அந்த ஒரு அடி கெடைக்காது. செருப்பைக் கழட்டணும், தலையை மூடணும், பிரசாதம் நீட்டுவாங்க, கையை நீட்டுறதா வேணாமா? ஆரத்தித் தட்டு வந்துருச்சு, மூணு செகண்டுல முடிவெடுக்கணும். சர்ச் காலேஜ் நூறு வருஷமா கமிட்டி போட்டுத் தீக்க முடியாத கேள்வி, நீ இங்க விசுவாசியா மாணவனாங்கறது, அந்தத் தட்டுல கற்பூரமா எரியுது. அதனாலதான் டூருங்கறது இந்தப் படிப்போட ஊறுகா இல்ல, சாப்பாடே அதுதான்னு எனக்குத் தோணுது. மதுரைல குங்குமத்துக்கு அந்த ப்ரொஃபசர் நேரா பதில் சொல்லாம விட்டது நழுவல் இல்ல. வெச்சுக்கோன்னா போதகர், அழின்னாலும் போதகர், அது வெறும் அழகுன்னு நான் சொல்லப் போனேனே அது பச்சைப் பொய், அந்தப் பூக்காரம்மாகிட்ட கேட்டிருந்தா ஆத்தா குங்குமம்னுதான் சொல்லிருக்கும்.

எல்லாம் நல்லா நடக்குதுன்னு சொல்ல வரல. அன்னிக்கு சாமி சன்னதிப் பக்கம் இந்து அல்லாதவங்க போகக் கூடாதுன்னு இருக்குற போர்டு கிட்ட ஒரு பையன் ரொம்பக் கடுப்பாயிட்டான், இதென்ன பாகுபாடுன்னு. 1939 வரைக்கும் இந்தக் கோயிலுக்குள்ள இந்துக்கள்லயே பல சாதிக்காரங்களை விடலன்னும், வைத்தியநாத ஐயர் தலைமைல அந்த வருஷம் ஜூலைல எப்படி உள்ள போனாங்கன்னும் சொன்னேன். அப்புறம்தான் அவன் போட்டோ எடுக்குறதை நிறுத்திட்டு நெசமான கேள்வியெல்லாம் கேட்டான். ஆனா கையில ஒரு மணி நேரம்தான், பஸ் வந்துருச்சு. ஒரு மாசத்துல அஞ்சு ஊருன்னு ஓடுறதுல எல்லாமே ஜன்னல் சீட்டுல பாத்த மதமாப் போயிடுது. காசு விஷயமும் உறுத்துது, அவங்க ஒரு ஆளு டிக்கெட் காசுல இங்க ஒரு புள்ள வருஷம் முழுக்கப் படிக்கும், இங்க இருந்து அங்க போய் அவங்க சர்ச்சைப் பாத்து ஜர்னல் எழுதுற பசங்க எத்தன பேரு?

என்னை யாராவது ரூட் போடச் சொன்னா மதுரைக்குப் பதிலா நாகப்பட்டினம் பக்கம்தான் கூட்டிட்டுப் போவேன். நாகூர் தர்கா, வேளாங்கண்ணி, தரங்கம்பாடி, மூணும் ஒரே கடற்கரைல ஒரே நாள்ல பாக்குற தூரம். வேளாங்கண்ணில காவி கட்டி நடந்து வந்து மொட்டை போட்டு மாதாவுக்குத் தேங்காய் குடுக்குறதைப் பாத்தா மினசோட்டா லூத்தரன் புள்ளைக்கு இது எந்த மதம்னே ஒரு நிமிஷம் புரியாது, அந்த ஒரு நிமிஷம்தான் வேணும். நாகூர்ல நேத்திக்கடன் வெக்க வர்ற இந்துக்களைப் பாத்தா அடுத்த நிமிஷம்.

தரங்கம்பாடி லூத்தரன் பசங்களுக்கு சொந்த ஊரு மாதிரி, அதான் கடைசில. 1706 ஜூலைல டேனிஷ் ராஜா அனுப்பி சீகன்பால்குங்கற ஜெர்மன் பாதிரி அங்க வந்து எறங்குனார், இந்தியாவுக்கு வந்த முதல் லூத்தரன் மிஷனரிங்க அவரும் கூட வந்த புளுட்சோவும்தான். மதம் மாத்த வந்தவர். ஆனா மாத்தணும்னா முதல்ல தெரிஞ்சுக்கணுமேன்னு ஓலைச்சுவடி சேத்தார், தமிழ் ஆளுங்களுக்குக் கேள்வி எழுதி அனுப்பி அவங்க சாமியைப் பத்தி அவங்களையே பதில் எழுத வெச்சார், அந்தக் கடிதங்கள்ல 99 ஜெர்மன்ல அச்சாச்சு. 1713ல தென்னிந்திய தெய்வங்களோட வம்சாவளின்னு சிவன், விஷ்ணுல இருந்து அய்யனார், எல்லம்மா வரைக்கும் ஒரு பெரிய நூலையே எழுதி ஜெர்மனிக்கு, ஹாலேக்கு அனுப்புனார். அங்க இருந்த மிஷன் பெரியவங்களுக்குக் கோவம், உன்னை அனுப்புனது அந்த மதத்தை ஒழிக்க, அதை ஐரோப்பாவுல பரப்ப இல்லன்னு. கையெழுத்துப் பிரதி அப்படியே கெடந்துச்சு. புத்தகமா வந்தது 1867ல, அதுவும் சென்னைல, 154 வருஷம் கழிச்சு.

அவரு தமிழ் எழுதக் கத்துக்கிட்டது திண்ணைப் பள்ளிக்கூடத்துல சின்னப் பசங்களோட தரைல உக்காந்து, மணல்ல விரலால அ, ஆ போட்டு. அப்ப அவருக்கு வயசு 24, மதுரைல குங்குமத்தோட நின்ன பொண்ணை விட நாலஞ்சு வயசு கூட இருக்கலாம். அந்தப் பொண்ணு சாயங்காலம் பஸ்ல ஏறும்போது பாத்தேன், நெத்தில பாதி குங்குமம் வேர்வைல கலைஞ்சு மூக்கு வரைக்கும் வந்திருந்துச்சு, தொடைக்கல, மடில நோட்டு தொறந்திருந்துச்சு, இன்னும் எதுவும் எழுதல.